கிண்ணத்தைக் கண்டோம், ஆசானைக் கண்டோமா?

ஒரு சமுதாயம் யாரைப் பாராட்டுகிறது என்பதைக் கொண்டு அதன் மனத்தை ஓரளவு அறியலாம். எதற்காகப் பாராட்டுகிறது என்பதைக் கொண்டு முழுமையாகவே அறியலாம்.

2010 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் இரவு, ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில் மலேசியத் தேசியக் காற்பந்து அணி, தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஏ.எப்.எப். சுசுகி கிண்ணத்தை முதன்முறையாக வென்றது. 1996 இல் அப்போட்டி தொடங்கிய ஆண்டிலேயே இறுதியாட்டம் வரை சென்று தோற்ற நாடு நம் நாடு. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வெற்றியாதலால், டிசம்பர் 31 ஆம் நாளைப் பொது விடுமுறையாகப் பிரதமர் அறிவித்தார். அந்த அணியின் பயிற்றுநர், நம் மலேசிய இந்திய சமுதாயத்தில் பிறந்த கே. ராஜகோபால்.

நம் மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்வது இயல்பே. "நம்மவர் வென்றார்" என்று பெருமை பேசினர், பேசட்டும். ஆனால் பெருமை பேசியவர்களுள் எத்தனை பேர், அவ்வெற்றி எவ்வழியில் வந்தது என்று வினவினார்கள்? அவர் யாருக்கு எதை எப்படிக் கற்பித்தார் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? கிண்ணத்தைத் தூக்கிய கைகளை நாம் கண்டோம். அக்கைகளுக்குப் பின்னால் நின்ற ஆசானைக் காணவில்லை.

இக்கட்டுரையின் வழக்கு இதுதான். ராஜகோபாலின் வாழ்க்கை ஒரு விளையாட்டு வீரரின் வெற்றிக் கதை மட்டுமன்று. அது ஓர் ஆசிரியரின் கதை. அதனை முதலில் படிக்க வேண்டியவர்கள் தமிழாசிரியர்கள். ஆனால் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அந்தக் கதை படிக்கப்படவில்லை என்பதோடு, அத்தகைய கதை மீண்டும் பிறப்பதற்கான வாயிலும் நாள்தோறும் அடைக்கப்பட்டு வருகிறது.

ஆடியவர் ஆசிரியரானார்

ராஜகோபால் 1956 இல் பிறந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் சிலாங்கூர் அணியிலும் தேசிய அணியிலும் தாக்குதல் ஆட்டக்காரராக விளங்கியவர். சிலாங்கூர் அணி 1978 முதல் 1984 வரை ஐந்து முறை மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய பொற்காலம் அது. இன்றுள்ள தொழில்முறைக் காற்பந்து அன்று இந்நாட்டில் இல்லை. பாதித் தொழில்முறை லீக் 1989 இல்தான் வந்தது. முழுமையான தொழில்முறை ஆட்டம் 1994 இல் வந்தது. அந்நாளைய ஆட்டக்காரர்களுள் பலர் பகலில் அலுவலகத்தில் பணியாற்றி, மாலையில் திடலுக்கு வந்தவர்கள்.

ஆட்டக்காரனின் வாழ்வு குறுகியது. முப்பது வயதைக் கடந்தால் கால்கள் சொன்னதைக் கேளா. அப்பொழுது அவன் முன் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு கடைத்தெருவில் அமர்ந்திருப்பது. மற்றொன்று, தான் அறிந்ததைப் பிறர்க்கு அறிவிக்கும் கலையைப் புதிதாகக் கற்பது. ராஜகோபால் இரண்டாம் பாதையைத் தேர்ந்தார். மாநில அணிகளைப் பயிற்றுவித்தார். தேசிய இளையோர் அணியைப் பயிற்றுவித்தார். ஆடி ஓய்ந்த காலத்துக்கும் 2009 இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற காலத்துக்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. விளம்பரமில்லாத ஆண்டுகள் அவை. ஆனால் ஆசிரியர் உருவாவது அத்தகைய ஆண்டுகளில்தான்.

ஆடத் தெரிந்தவனெல்லாம் ஆட்டுவிக்க வல்லவன் அல்லன். கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றவனெல்லாம் கணக்காசிரியன் ஆகிவிடுவதில்லை என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒருநாள் இருந்தவர்க்கும் விளங்கும். எளிதாகக் கற்றவனுக்குக் கற்காதவனின் இடர்ப்பாடு தெரியாது. தன் காலுக்கு இயல்பாக வந்ததை இன்னொருவன் காலுக்குக் கொண்டு சேர்ப்பது வேறொரு கல்வி. பந்தைத் தானே உதைத்துக் கோல் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்று, பிறர் உதைப்பதில் நிறைவு காண வேண்டும். ஆசிரியத் தொழிலின் அறமும் இதுவேயன்றோ?

தோற்ற விடைத்தாளைத் திருத்தியவர்

அவர் பொறுப்பேற்ற காலத்தில் மலேசியக் காற்பந்து எந்நிலையில் இருந்தது? 2007 இல் நம் நாடும் சேர்ந்து ஏற்று நடத்திய ஆசியக் கிண்ணப் போட்டியில், சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். 2009 சனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் மீண்டும் 0-5. மக்கள் அரங்குக்குச் செல்வதையே வெறுத்திருந்த நேரம். அப்பொழுதுதான் ராஜகோபாலிடம் அணி ஒப்படைக்கப்பட்டது.

அதே 2009 ஆம் ஆண்டின் இறுதியில் லாவோஸ் நாட்டில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிக்கு, 23 வயதுக்குட்பட்ட இளைஞர்களை அழைத்துச் சென்றார். பிரிவாட்டத்தில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றார்கள். பலமிக்க தாய்லாந்தை 2-1 என்று வென்று பிழைத்தார்கள். இறுதியாட்டத்தில் மீண்டும் அதே வியட்நாம். இம்முறை 1-0 என்று மலேசியா வென்றது. அந்த ஒரு கோலும் வியட்நாம் வீரர் தம் வலைக்குள்ளேயே செலுத்தியது. "அதிர்ஷ்டம்" என்றனர் சிலர். ஆனால் முன்பு மூன்று கோல்களை விட்டுக்கொடுத்த அதே தற்காப்பு, இறுதியாட்டம் முழுவதும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லையே, அது எந்த அதிர்ஷ்டம்? 1989 க்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது.

அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணம். தங்கம் வென்ற இளைஞருள் பலர் இந்த அணியிலும் இருந்தனர். டிசம்பர் 1 ஆம் நாள் ஜகார்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியா 5, மலேசியா 1. நம் செய்தித்தாள்களும் தேநீர்க்கடைகளும் அன்றிரவே தீர்ப்பு வழங்கிவிட்டன. பயிற்றுநர் தீர்ப்பு வழங்கவில்லை, பாடம் நடத்தினார். தாய்லாந்துடன் கோலின்றிச் சமம். லாவோசுடன் 5-1 வெற்றி. அரையிறுதியில் வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று தடுத்து நிறுத்தினர். இறுதியில் மீண்டும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26 இல் புக்கிட் ஜாலில் அரங்கில் இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள்: சாபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் நம் கைக்கு வந்தது.

முதல் ஆட்டத்துக்குப் பின் கோல் காவலராக நிறுத்தப்பட்ட கைருல் பாஹ்மிக்கு அன்று வயது 21. ஜகார்த்தா இறுதியில் எதிரணித் தலைவரின் தண்டனை உதையைப் பிடித்து நிறுத்தியவர் அவரே. அத்துணைப் பெரிய அரங்கில், அத்துணை ஆரவாரத்தில், ஓர் இளைஞனை நம்பி நிறுத்துவதற்கு ஆசிரியரிடம் நெஞ்சுரம் வேண்டும்.

அன்புடைய ஆசிரியர்களே, இவ்விரு போட்டிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் எந்த அணியிடம் தோற்றார்களோ, அதே அணியை, அதே போட்டியில், சில நாள் இடைவெளியில் வென்றிருக்கிறார்கள். இதற்கு நம் தொழிலில் ஒரு பெயர் உண்டு. குறைநீக்கல் போதனை. தவறிய விடைத்தாளைக் கசக்கி எறியாமல், எந்த இடத்தில் தவறியது, ஏன் தவறியது என்று கண்டு, அதே வினாவை மீண்டும் எழுதச் செய்து தேர்ச்சி பெறவைப்பது. பயிற்சிக் கல்லூரியில் நாம் எழுதிக் குவித்த பாடத் திட்டங்களெல்லாம் எதைச் சொல்லினவோ, அதை இலட்சக்கணக்கான கண்களின் முன்னே செய்து காட்டியவர் ஒரு காற்பந்துப் பயிற்றுநர்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். தெரிந்து வினையாடல் என்று தக்காரை அறிந்து பணியில் அமர்த்துவதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவற்றை நாம் மனப்பாடப் பகுதியாக நடத்துகிறோம். மாற்றாரின் வலியை எடைபோட்டு, சொந்த அரங்கில் எப்பொழுது தாக்குவது, அயல் அரங்கில் எப்பொழுது காப்பது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று அறிந்து செய்தவர் அவற்றை வாழ்க்கைப் பகுதியாக நடத்தினார்.

கைதட்டிய கைகள்

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். 2012 இல் அதே கிண்ணப் போட்டி மலேசியாவிலும் நடந்தது. முதல் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 0-3 என்று தோற்றோம். அதற்குப் பின்னும் அணி எழுந்து, லாவோசையும் இந்தோனேசியாவையும் வென்று, அரையிறுதியில் தாய்லாந்திடம்தான் வீழ்ந்தது. ஆயினும், இரண்டாண்டுகளுக்கு முன் கைதட்டியவர்களே குறைகூறத் தொடங்கினர். 2013 இறுதியோடு அவருடைய பொறுப்பு முடிந்தது. அடுத்து வேறொருவர் பயிற்றுநரானார்.

பயிற்றுநரை மாற்றுவது விளையாட்டுலகில் வழக்கம். அதை நான் குறைகூறவில்லை. நான் கேட்பது நம் சமுதாயத்தை. வென்றபொழுது "நம்மவர்" என்று உரிமை கொண்டாடிய நாம், தோற்றபொழுது அச்சொல்லை எங்கே ஒளித்து வைத்தோம்? உறவுமுறை கிண்ணத்தோடுதானா? தேர்வு முடிவு நல்லதாயின் "என் பிள்ளை" என்றும், தீயதாயின் "உங்கள் மாணவன்" என்றும் சொல்லும் பெற்றோரை நாம் அறிவோம். அந்த மனப்பான்மையே பெரிதாக வளர்ந்து அரங்கத்தில் அமர்ந்திருந்தது.

மேலும், "இந்தியன் வென்றான்" என்பதில் ஓர் அறியாமையும் உண்டு. அவர் அணியில் நம் குணாளனும் குருசாமியும் இருந்தனர். ஆனால் அணியில் மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். இனம் பார்த்து வந்த வெற்றியன்று அது. மாணவன் யாராயினும் அவன் மனத்தைத் தொட வல்ல ஆசிரியர் ஒருவர் இருந்ததால் வந்த வெற்றி. இன்னோர் இனத்துப் பிள்ளைகள் ஒருவரை ஆசானாக ஏற்றனர் என்பதே நாம் பெருமைகொள்ளத்தக்கது.

திருடப்படும் பாடவேளை

இனி நம் பள்ளிக்கு வருவோம். நம் ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டத்தில் பிறந்தவை. லயத்துக்கு ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் பள்ளி, நடுவே ஒரு திடல் என்பதே பழைய தோட்டத்தின் அமைப்பு. மாலையில் பால்மரத்துக் காட்டிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அத்திடலில் பந்தாடினர். பிள்ளைகள் கோட்டோரம் நின்று பார்த்தே கற்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. கூலாயிலும் மாசாயிலும் உலு திராமிலும் மக்கள் நகர்ப்புற வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்துத் திடலை இழந்த பிள்ளைக்கு எஞ்சியிருப்பது பள்ளித் திடல் ஒன்றே. அதிலும் அவனுக்குக் கிடைப்பது உடற்கல்விப் பாடவேளை மட்டுமே.

அந்தப் பாடவேளையைத்தான் நம் பள்ளிகளில் பலர் திருடுகிறார்கள். ஆம், திருடுகிறார்கள் என்றே சொல்கிறேன். மென்மையான சொல்லைத் தேட நான் விரும்பவில்லை. நேர அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும். வகுப்பறையில் கணிதப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். நானறிந்த பள்ளி ஒன்றில், புதிய பந்துகள் பல மாதங்கள் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. மேலதிகாரிகள் வருகின்ற நாளில் மட்டும் அவை வெளியே வந்தன. இன்னும் ஒரு கொடுமை உண்டு. குழந்தையை விளையாட அழைத்துத் தொடங்கும் பாரதியாரின் பாப்பாப் பாட்டை, விளையாட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு மனனம் செய்விக்கிறார்கள். பாரதியார் இதைக் கண்டிருந்தால் எந்தச் சொல்லால் நம்மை வாழ்த்தியிருப்பார்?

முன்பெல்லாம் இதற்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணமாகக் காட்டினர். அத்தேர்வு 2021 இல் நீக்கப்பட்டது. காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2011 இல் கல்வியமைச்சு, ஒவ்வொரு மாணவனும் ஒரு விளையாட்டிலாவது பங்குகொள்ள வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. கொள்கை கோப்பில் இருக்கிறது; பந்து அலமாரியில் இருக்கிறது.

மூன்று சாக்குகள்

இதை எடுத்துரைக்கும்பொழுதெல்லாம் மூன்று மறுமொழிகள் வருகின்றன.

"விளையாட்டு சோறு போடுமா?" என்பது முதலாவது. எல்லாப் பிள்ளைகளையும் தேசிய ஆட்டக்காரராக்க வேண்டும் என்று யாரும் கோரவில்லை. கவிதை நடத்துவது எல்லாரையும் கவிஞராக்கவா? தோற்கக் கற்பது, தோற்றபின் எழக் கற்பது, தனக்குக் கிடைத்த பந்தைத் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கக் கற்பது ஆகியவற்றை எந்தப் பயிற்றுநூல் கற்பிக்கிறது? சோறு மட்டுமே அளவுகோலாயினும், பயிற்றுநர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர், உடலியக்க மருத்துவம் என இன்று விளையாட்டைச் சுற்றி எத்தனையோ தொழில்கள் உள்ளன. ராஜகோபாலுக்குக் கால்கள் ஓய்ந்தபின் வாழ்வளித்தது ஆட்டமன்று. ஆட்டத்தைக் கற்பிக்கும் திறன்.

"எங்கள் பள்ளியில் பதினொருவரைச் சேர்க்கவே மாணவர் இல்லை, திடலும் இல்லை" என்பது இரண்டாவது. குறைந்த மாணவர் பள்ளிகளின் துன்பத்தை நான் அறிவேன். ஆனால் ஐவர் ஆட்டத்துக்கு ஐவர் போதும். வாகனங்கள் நிற்கும் தளத்தில் இரண்டு கூம்புகளை வைத்துப் பந்தை உருட்டக் கற்பிக்கலாம். பூப்பந்துக்கு ஒரு வலை போதும். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து உண்டு. காற்பந்தும் அவர்களுக்கு விலக்கன்று. இடமில்லை என்பவர் பலருக்கு உண்மையில் இல்லாதது மனம்.

"எப்படியும் நம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்" என்பது மூன்றாவது. இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பாகுபாடு எங்கு நிகழினும் அதை எதிர்த்துக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பந்தையே தொடாத பிள்ளையை, பதினைந்தாம் வயதில் எந்த நடுநிலையான தேர்வாளர் தேர்ந்தெடுப்பார்? வெளியே அடைபட்ட கதவைப் பற்றி முழங்குவதற்கு முன், உள்ளே நாமே அடைத்த கதவைத் திறக்க வேண்டாமா? 2010 இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்த எஸ். குணாளன், பின்னர் நம் ஜொகூர் டாருல் தாக்சிம் அணிக்கு வந்தார். அந்த அணி 2015 இல் ஏ.எப்.சி. கிண்ணத்தை வென்ற முதல் மலேசிய அணியாயிற்று. வந்தவருக்குக் கதவு திறந்ததும் உண்மைதானே?

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் பிறந்த அணியொன்று பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் நாட்டின் முதல்நிலை லீக் வரை உயர்ந்து ஆடியது. 2022 ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் லீக்கிலிருந்து விலகிவிட்டது. மேல்மாடி கட்டிய அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அடித்தளம் தொடக்கப்பள்ளித் திடலில் இடப்பட வேண்டியது. அதை இடும் வேலையை எந்தச் சங்கமும் நமக்காகச் செய்ய முடியாது.

செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும் பணம் வேண்டா. முதலாவது, அட்டவணையில் உள்ள உடற்கல்விப் பாடவேளையை எவரும் எக்காரணத்துக்காகவும் கடன் வாங்கக் கூடாது என்பதைத் தலைமையாசிரியர் கட்டளையாக்க வேண்டும். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்குக் குறைநீக்கல் வேறு நேரத்தில் நடக்கட்டும். இரண்டாவது, பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆசிரியர்களுள் ஆடத் தெரிந்தவர்களைப் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புகளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியபின் அவர்களைப் புள்ளிவிவரம் நிரப்பும் எழுத்தர்களாக்கிவிடக் கூடாது. மூன்றாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைப் பந்துக்கும் வலைக்கும் காலணிக்கும் ஒதுக்க வேண்டும். நான்காவது, ஆடி ஓய்ந்த நம் பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மாலை அணிவித்துப் படமெடுக்க அவர்களை அழைத்தது போதும். வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அழையுங்கள். அவர்களுக்கும் இரண்டாம் வாழ்வு பிறக்கும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்களுள் சிலர் நன்றாக ஆடுவீர்கள். பலர் சுமாராக ஆடுவீர்கள். சுமாராக ஆடுபவர் ஒதுங்கி நிற்க வேண்டா. ஏன் தவறினோம் என்று எண்ணிப் பார்ப்பவனே பிற்காலத்தில் நல்ல ஆசான் ஆவான்.

ராஜகோபாலுக்குச் சிலை வேண்டா. மேடைப் புகழுரை வேண்டா. 1-5 என்று தோற்ற இரவில், மறுநாள் என்ன கற்பிப்பது என்று எண்ணிய அந்த ஆசிரிய உள்ளத்தை நாம் பெற வேண்டும். அலமாரியின் சாவி உங்கள் மேசைக்குள்தான் இருக்கிறது. அடுத்த உடற்கல்விப் பாடவேளைக்கு மணி அடிக்கும்பொழுது, பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள்.